ஒரு நாள் பொறுக்காத ஒட்டு

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் மாமா மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால் அது வேறு கதை. நீயும் சுகமாக இருப்பதாக ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறாய், நானும் நம்பியதாக வைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது, ஏறினதும் நீ சிக்னல் சரியில்லை என்கிறாய், என் குரல் ஏறும்போது மட்டும் உன் ஊரில் சிக்னல் இறங்குவது எப்படி என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன், காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் உன் காது வலிக்காது. குளிருக்குப் போட்டுக்கொள்ள வாங்கின கோட்டைப் போடுகிறாயா, இல்லை அலமாரியில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்றாயே, அதைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டாயா? பக்கத்து அறைப் பெண் அடிக்கடி வந்து சர்க்கரை கேட்கிறாள் என்று சொன்னாய், சர்க்கரைதான் கேட்கிறாளா, இல்லை நீ தனியாக இருக்கிறாயா என்று பார்த்துவிட்டுப் போகிறாளா, கொஞ்சம் கவனி. அப்புறம் உன் பெட்டியின் சக்கரம் எப்படி இருக்கிறது, உருளுகிறதா? அந்தச் சக்கரத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது, மருந்து குடித்தேன் என்கிறார், பாட்டிலில் அளவு குறையவில்லை, நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. மாடியில் இருக்கிற தையல்காரர் புதுப் பூட்டு மாட்டியிருக்கிறார், பழைய பூட்டுக்கு என்ன கேடு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார், சும்மா யாராவது பூட்டு மாற்றுவார்களா? உன் அப்பா சிரிக்கிறார், "ஊர்ல எல்லாரையும் இப்படிச் சந்தேகப்பட்டா கடைசில கண்ணாடியப் பாத்து யாரு நீன்னு கேப்ப" என்கிறார். கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பாப்பா, இந்த மாதம் நான் பட்ட சந்தேகமெல்லாம் ஒரே ஒரு சின்னப் பலகையில் ஆரம்பித்தது, அதை முழுக்க உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பேருந்து ஓட்டுகிறாரே அந்த ஓட்டுநர், மனைவி தவறிப்போன பிறகு அவள் கடைசியாக எழுதிக்கொடுத்த கடைச் சீட்டைக் கண்ணாடிபோல உறைகிற ரெசினில் பதித்துப் பலகையாகத் தரச் சொன்னாரே, அவரை உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். உள்ளங்கை அகலம், சுண்டுவிரல் கனம், நடுவில் அந்தக் காகிதம். சோப்பு, வெள்ளை நூல், பல்பு ஒன்று, தலைவலி மாத்திரை, கடைசி வரியில் எனக்கு எதுவும் வேண்டாம். இரண்டு வருஷமாக அதைப் பேருந்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்திருந்ததில் வெயில் பட்டு மேற்பரப்பு மஞ்சளாகி, கீறலும் விழுந்து, மறுபடி மெருகு போட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். அவர் கொண்டுவந்த அன்று நீயும் பட்டறையில்தான் இருந்தாய், லீவில் வந்து மூன்றாம் நாள், சீட்டைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாய், உன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவரைத் தொலைதூர வண்டிக்கு மாற்றிவிட்டார்கள், இரண்டு மாதம் கழித்துத்தான் வருவேன், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைத் துணியில் சுற்றிப் பின்னறை அலமாரியில் மேல்தட்டில் வைத்தேன். நீ ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து, சரி இப்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்று துணியைப் பிரித்தால், குறுக்கே ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. மாத்திரை என்ற வார்த்தைமேல் எண்ணெய் சொட்டினதுபோல ஒரு கறை.

நீ இந்தப் பட்டறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள், உனக்கு விளக்கவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் நான் எப்படி யோசித்தேன் என்று உனக்குப் புரியும். அந்த வெள்ளைப் புகை சூப்பர் க்ளூவின் வேலை. ரெசினை ரெசினால்தான் ஒட்டவேண்டும், அதுவும் அதுவும் ஒன்றாகிவிடும், கோடு இருந்த இடம் தேடினால்தான் தெரியும். சூப்பர் க்ளூ பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் ஆவி பக்கத்தில் படிந்து வெளுத்துவிடும், தண்ணீர் மாதிரி ஓடி உள்ளே இருக்கிற காகிதத்தின் கிழிந்த ஓரத்தில் ஏறிக்கொள்ளும். அதனால்தான் நம் பட்டறைக்குள் அது வரவே கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன். ஆக யாரோ பலகையை உடைத்திருக்கிறார்கள், உடைத்ததைச் சொல்லாமல் சட்டத்தை மீறி ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டி நான் சுற்றினபடியே துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. உடைந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், அந்தத் துணியை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் ஓட்டுநரையே சந்தேகப்பட்டேன், உடைத்து ஒட்டித்தான் கொண்டுவந்தாரோ என்று. வாங்கின அன்று நான் போனில் படம் எடுத்துவைப்பது வழக்கம், எடுத்துப் பார்த்தேன், கீறல் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, கோடு இல்லை. அடுத்து உன் மாமா. என் தம்பி என்பதால் விட்டுவிடுவேனா, அச்சு எடுக்கிற இடத்தில் வாரத்துக்கு ஒன்றாவது போட்டு உடைக்கிறவன் அவன்தானே. கேட்டதும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "நான் உடைச்சா சத்தம் போட்டு ஊரையே கூட்டிருப்பேனேக்கா, எனக்கு இப்படிப் பூப்போல சுத்தி வைக்கவா தெரியும்" என்றான். அதுவும் நியாயம், அவன் சட்டையையே ஒழுங்காக மடிக்கமாட்டான். உன் அப்பாவுக்குப் பின்னறை அலமாரியின் மேல்தட்டு எட்டும், ஆனால் அவர் பார்சல் கட்டுவதோடு சரி, ஒட்டுகிற வேலையில் அவர் கை வைத்தால் விரலோடு விரல்தான் ஒட்டும். தையல்காரரின் பூனையைக்கூட ஒரு நிமிஷம் நினைத்தேன், பூனை உடைக்கலாம், ஒட்டாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள், நீ பாலிஷ் சித்தி என்று கூப்பிடுகிறாயே, நம்மிடம் மெருகு போடுகிறவள். அலமாரிச் சாவி இருக்கிற இடம் அவளுக்குத் தெரியும். பத்து நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தாள். மதியம் அவள் பையிலிருந்து டப்பாவை எடுக்கும்போது கூடவே ஒரு சின்னக் குழாய் கீழே விழுந்தது, சூப்பர் க்ளூ. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவள் குனிந்து அதைச் சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் காலை, உன் மாமாவும் அப்பாவும் நிற்கும்போதே கேட்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பதினோரு வருஷம் என் உப்பைத் தின்றுவிட்டு என் அலமாரியிலேயே கை வைத்தாயா என்று என் வாயில் என்னென்னவோ வந்தது. அவள் மெருகுச் சக்கரத்தை நிறுத்தினாள். "நான் இல்லைன்னு சொன்னா நம்புவீங்களாக்கா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நம்பமாட்டேன் என்றேன். ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். மடியில் கனமில்லாதவள் என்றால் நின்று சண்டை போட்டிருப்பாளே, போகிறாள் என்றாலே தெரியவில்லையா என்று நான் உன் அப்பாவிடம் வெற்றி பெற்றவள்போலப் பேசினேன். அவர் பார்சல் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிறு நீ கூப்பிட்டாய். நான் எல்லாவற்றையும் உன்னிடம் சொன்னேன், ஓட்டுநர் பலகை உடைந்தது, சித்தி செய்தது, நான் கேட்டது, அவள் போனது, ஒன்றுவிடாமல். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி விடும்மா" என்றாய், அதன்பிறகு உங்கள் ஊரில் பனி பெய்கிறது, பேருந்து தாமதம், இப்படி எதையோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனை வைத்தபிறகு எனக்கு ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியது. என் மகள் எதையும் விடுகிறவள் இல்லை. நான் காய்கறிக்காரனைத் திட்டினால்கூட அவனுக்காக என்னோடு வாதாடுவாய். உன் பாலிஷ் சித்தியை, உனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, நான் வேலையைவிட்டு அனுப்பிவிட்டேன் என்கிறேன், நீ பனி பெய்கிறது என்கிறாய். அப்போதுதான் முதல்முறையாக எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது, வந்ததும் சீ என்று தள்ளிவிட்டேன், பெற்ற பிள்ளைமேல் போய் இப்படி நினைப்பேனா என்று.

இரண்டு நாள் கழித்து உன் மாமா அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "அந்தக் குழாய் மூக்கே வெட்டாம புதுசா இருந்துச்சேக்கா, அறுந்த செருப்ப ஒட்ட வாங்கி வச்சிருந்தா போல" என்றான். அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினேன். "நீ கேட்டியா? நீ பேசும்போது நடுவுல வாய வச்சு எனக்கு இருக்கற பல்லும் போகணுமா?" என்றான். கல்லைத் தூக்கித் தலையில் போட்டதுபோல இருந்தது எனக்கு. மூக்கு வெட்டாத குழாயிலிருந்து பசை எப்படி வரும்? அன்றைக்கு மத்தியானமே பலகையை எடுத்து உட்கார்ந்தேன். எப்படியும் ஓட்டுநருக்காக ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும், பிரிக்கும்போது ஏதாவது தெரியாமலா போகும் என்று நினைத்தேன். ஹேர் டிரையரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடுகாட்டி, ரெசின் லேசாக இளகினதும் தூண்டில் நரம்பைக் கோட்டில் வைத்து இழுத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. பிரித்துப் பார்த்தால் பாப்பா, உடைந்த முகம் இரண்டையும் மெல்லிய உப்புத்தாளால் சுரசுரப்பாக்கியிருக்கிறது, ஓரம் வரைக்கும், ஒரு இடம் விடாமல். தூசி இல்லை, ஸ்பிரிட்டால் துடைத்திருக்கிறது. தொழில் தெரிந்த கை. தொழில் தெரிந்த கை ஏன் சூப்பர் க்ளூ போடும்? இங்கேதான் நான் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டேன். நமக்குப் பக்கத்திலேயே ரெசின் டப்பா இருக்கிறது, தராசு இருக்கிறது, இரண்டையும் நிறுத்துக் கலந்து ஒட்டி டேப் போட்டு ஒரு நாள் விட்டால் போதும். மாமாவுக்கு நாளைக்கும் இங்கே வேலை உண்டு. சித்திக்கும் உண்டு, அலமாரிக்குப் பின்னால் ஒரு நாள் மறைத்துக் காயவைக்க அவளுக்குத் தெரியாதா? ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாதவர்தான் சூப்பர் க்ளூவைத் தேடுவார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. உடைத்த அன்று சாயங்காலமே விமானம் ஏறவேண்டியவர் இந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

இன்னும் கேள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன், டேப் துண்டு ஒன்று கிடைத்தது, அதன் ஒரு முனை உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. மாமா டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிப்பான், சித்தி கத்தரிக்கோலால் நேராக வெட்டுவாள், பிரிக்கும்போது நகம் வலிக்கக்கூடாது என்று முனையை மடித்து ஒட்டுகிறது நீ ஒருத்திதான், சின்ன வயசில் நோட்டுக்கு அட்டை போடும்போதே அப்படித்தான். கடைசியாக உன் அப்பாவிடம் கேட்டேன், இந்த வீட்டுக்குள் சூப்பர் க்ளூ எப்போதாவது வந்ததா என்று. "பாப்பா ஊருக்குப் போற அன்னிக்குக் காலைல பெட்டிச் சக்கரம் கழண்டுருச்சுன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். நான் அன்றைக்கு ரெசின் கடைக்குப் போயிருந்தேன், திரும்பி வர நாலு மணி ஆனது. நீ போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அவ்வளவு அழுதாயே, என்னை விட்டுப் போகிற துக்கம் என்று நினைத்து ஒரு வாரம் நெகிழ்ந்துபோய்க் கிடந்தேன். இப்போது அந்த அழுகையைக்கூடச் சந்தேகப்படவேண்டியதாகிவிட்டது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

மறுநாள் சித்தி வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை, முகவரியை மாமாவிடம் கேட்டு வாங்கினேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படியெல்லாம் யாரோ சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, உட்காரச் சொன்னாள். நான் உட்காராமலே சொன்னேன், தப்பு என்னுடையது, நாலு பேர் முன்னால் கேட்டேன், அந்த நாலு பேர் முன்னாலேயே மன்னிப்பும் கேட்கிறேன், உடைத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். "நீங்களே கண்டுபிடிச்சு வந்ததால சொல்றேங்க்கா. பாப்பா அன்னிக்குப் பின்னறையில கீழ உக்காந்து அழுதுகிட்டே ஒட்டிட்டு இருந்துச்சு. அந்தச் சீட்ட இன்னொரு தடவ பாத்துட்டுப் போலாம்னு எடுத்துச்சாம், கை நழுவி உப்புத்தாள் தேய்க்கிற மேஜை ஓரத்துல பட்டு விழுந்துருச்சாம். அம்மாகிட்ட சொல்லிராதீங்க சித்தி, ஊருக்குப் போனதும் நானே போன்ல சொல்லிர்றேன்னு கையப் புடிச்சுக் கேட்டுச்சு. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். சொல்லும் சொல்லும்னு ஒவ்வொரு திங்கக்கிழமையும் உங்க முகத்தப் பாத்துகிட்டு இருந்தேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள் என்று நான் நினைத்தேன், அவள் ஞாயிறு கழிந்த ஒவ்வொரு திங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வேலைக்கு வா என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "பாப்பா பேசட்டும்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

பலகையை நானே ஒட்டினேன். பிளேடால் பழைய பசையைச் சுரண்டி, வெளுத்த இடத்தைத் தேய்த்து எடுத்து, புதிதாக ரெசின் கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க யாரையும் அந்த மேஜைப் பக்கம் விடவில்லை. கோடு போய்விட்டது, காகிதத்தில் ஏறின கறை போகவில்லை, போகவும் போகாது. ஓட்டுநர் நேற்று வந்தார். எங்கள் கையில் உடைந்துவிட்டது, எங்கள் தப்பு என்று சொல்லிக் கொடுத்தேன், உன் பெயரையும் சொல்லவில்லை, வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "மாத்திரைங்கறது மட்டும் மங்கிருச்சு, பரவால்லம்மா, எனக்கு மனப்பாடம்" என்றார். அப்புறம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "போன தடவ இருந்த வழவழப்பு இல்லையே, பாலிஷ் போடறவங்க இல்லையா" என்று கேட்டார். லீவில் இருக்கிறாள் என்று பொய் சொன்னேன்.

பாப்பா, பலகை உடைந்தது ஒரு தப்பே இல்லை. நான் எத்தனை உடைத்திருக்கிறேன் தெரியுமா, உனக்கு எட்டு வயசில் ஒரு கல்யாண மாலையை ரெசினில் போட்டு அச்சைத் திறக்கும்போதே இரண்டாக்கினேன். மறைத்து ஒட்டியதுகூடப் பயத்தில் செய்தது, விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தியை அனுப்பிவிட்டேன் என்று நான் சொல்லும்போது நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாயே, அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அவள் திரும்பி வந்திருப்பாள். உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே மூன்று நாள் இருந்தேன், நாலாம் நாள் கோபம் திரும்பி என்மேலேயே வந்துவிட்டது. தம்பி பல்லுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறான், புருஷன் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார், பதினோரு வருஷம் கூட இருந்தவள் நம்புவீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். முப்பது வயசு மகள், கடல் தாண்டிப் போய்த் தனியாகச் சம்பாதிக்கிறவள், உடைச்சிட்டேன்மா என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்ல முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஒட்டுகிறாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். நீ என்னிடம் இவ்வளவு பயந்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், இதை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம் என்று நினைக்காதே, பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். சித்தியின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிறு முதலில் அவளைக் கூப்பிடு. சுற்றி வளைக்காதே, பனி பெய்கிறது என்று ஆரம்பிக்காதே. அவள் உனக்காக என்னிடம் வாங்கின பேச்சை நீ கேட்டாய், கேட்டும் சும்மா இருந்தாய், அதற்கு என்ன சொல்லவேண்டுமோ அது உனக்குத் தெரியும், நான் எழுதிக்கொடுத்து நீ படிக்கவேண்டாம். அவள் திட்டமாட்டாள், அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். அவள் வருவதும் வராததும் அவள் இஷ்டம், ஏப்ரனைத் துவைத்து அவள் ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன், வேறு யாரையும் அந்தச் சக்கரத்தில் உட்காரவைக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்தது என்று சொல்லாதே. ஜன்னல் கொக்கியை மறக்காதே. நீ நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நூறு வருஷம் இருக்கவேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடிதம் எழுதுகிறாயா என்று மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டான். சித்தியிடம் பேசி முடித்தபிறகு என்னைக் கூப்பிடு. திட்டமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். கட்டாயம் திட்டுவேன். திட்டி முடிக்கிறவரைக்கும் போனை மட்டும் வைத்துவிடாதே பாப்பா, அதற்குப் பிறகு நீ பேசு, நான் குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் அதைவிடக் கூடுதலாக ஆசையும் வைத்திருக்கிற
உன் அம்மா